ஏழாவது வெடி

இந்தக் காலத்தில் மன்னிப்பு ரொம்ப மலிந்துவிட்டது. திண்டிவனம் பஸ்ஸில் ஏறினால் ஒருத்தன் செருப்புக் காலால் நம் சுண்டுவிரலை நசுக்கிவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் "சாரி" என்று தாண்டிப் போகிறான். கேட்டால் முறைக்கிறான். அதுதான் சாரி சொல்லிட்டேனே, இன்னும் இன்னா என்கிறான். விரல் நசுங்கினது அவனுக்குக் கணக்கே இல்லை.

போன மாசம் ராயம்மாளைப் புதைத்தார்கள். மாதா கோயிலுக்குள் போகிற வழக்கம் எனக்கில்லை. வாசலில் நின்றேன். முப்பது வயசுகூட ஆகாத சாமியார் ஒருத்தர் மைக் முன்னால் நின்று அவள் கதையைச் சொன்னார். மகனை இழந்தாள், மண்டியிட்டாள், காரணமானவனை மன்னித்தாள். மூன்று வார்த்தை. கூட்டம் தலையை ஆட்டியது. நடுவில் எத்தனை எலும்பு உடைந்தது, யார் வீடு எரிந்தது, அந்தப் பொம்பளை வாயிலிருந்து முதலில் என்ன வார்த்தை வந்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் மைக்கில் சொல்லியிருக்க மாட்டார். நான் அங்கே இருந்தவன். அந்தப் பாறைக்கு வெடிமருந்து கெட்டித்ததே என் கைதான்.

அறுபத்தைந்தாம் வருஷம் மழை ஏமாற்றியது. தை பிறக்கும் முன்பே செஞ்சிக் கோட்டை மலை மூன்றும் சுட்ட பானை மாதிரி சிவந்து கிடந்தன. செஞ்சிக்கும் அனந்தபுரத்துக்கும் நடுவில் ராயம்மாளின் புருஷன் பாக்கியசாமியின் ஊர். அறுபது எழுபது வீடு, பாதிக்கு மேல் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். ஊர் நடுவே மணிக்கூண்டு வைத்த சின்னக் கோயில். மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் செடி காய் பிடிக்கும் முன்னே கருகிப் போனதால் ஆளாளுக்குக் கிணற்றை ஆழப்படுத்த ஆரம்பித்தார்கள். பாக்கியசாமியும் ஆரம்பித்தான். முப்பதடி மண், அதற்குக் கீழே கரும்பாறை. பாறை என்றதும் என்னைக் கூப்பிட்டு அனுப்பினான்.

பாறையில் உளியை வைத்துச் சம்மட்டியால் அடித்து முழ ஆழத்துக்குத் துளை போடுவோம். அதற்குத் தமர் என்று பேர். தமரில் மருந்தைக் கெட்டித்து, திரி விட்டு, களிமண்ணால் வாயை அடைத்துவிட்டுப் பற்றவைக்க வேண்டும். ஒவ்வொரு திரியும் ஒவ்வொரு நீளம். எல்லாம் ஒன்றாக வெடிக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கத்தான் அப்படி. ஏனென்றால் எண்ண வேண்டும். எத்தனை தமரோ அத்தனை வெடி. ஒன்று குறைந்தால் அன்றைக்கு ஒருத்தரும் கிணற்றில் கால் வைக்கக் கூடாது. தண்ணீரை ஊற்றிவிட்டு மறுநாள்தான் இறங்க வேண்டும். என் வலது காது மருந்துச் சத்தத்தில் எப்போதோ போய்விட்டது. போதாததற்கு மலை வேறு சத்தத்தைத் திருப்பி அடிக்கும். அதனால் எண்ணுகிற வேலை லூர்துநாதனுடையது.

லூர்துநாதன் ராயம்மாளின் கூடப்பிறந்த தம்பி. பொண்டாட்டி இல்லாதவன். ரோஸ்மேரி என்று ஒரே மகள். அவளைத்தான் பாக்கியசாமியின் மகன் செபாஸ்தியானுக்குப் பேசியிருந்தார்கள். கோயிலில் கல்யாண ஓலையை, ஊருக்குச் சொல்கிற அறிவிப்பை, மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். இரண்டு வாசித்தாகிவிட்டது. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பான தவசுகாலம் பிறப்பதற்குள் கல்யாணம்.

ராயம்மாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொறுமைக்குப் பேர் போனவள் என்று சாமியார் சொன்னார். கூழில் உப்பில்லை என்று ஒருநாள் பாக்கியசாமி முணுமுணுத்தான். கூழ்ச் சட்டியே அவன் தலைமேல் பறந்து போய்ப் புங்கமரத்தில் உடைந்தது. நான் கண்ணால் பார்த்தேன்.

அன்றைக்கு வியாழக்கிழமை. ஏழு தமர். நிலத்தில் வேலை செய்கிறவர்கள் சாப்பாட்டுக்குப் போகிற நேரம் பார்த்து, பன்னிரண்டு மணி சுமாருக்குத்தான் வெடி வைப்போம். செபாஸ்தியான் திரியை நீவிக் கொடுத்துக்கொண்டே மாமனைச் சீண்டினான்.

"மாமா, ஞாயித்துக்கெழம மூணாவது ஓல. வேட்டியத் தொவச்சிக் கட்டிகினு வா. போன வாரம் உன்னப் பார்த்துட்டுச் சாமியாரே மூக்கப் புடிச்சாரு."

"போடா பொறுக்கி. என் பொண்ணு உன்ன இட்டுகினு போயி ஏரியில ஊறவச்சித் தொவைக்கப் போறா, இரு."

"ஏரியில தண்ணி ஏது மாமா? அதுக்குத்தான் இங்க பாறைய ஒடைச்சிகினு கெடக்கறோம்."

எல்லோரும் சிரித்தோம். அவர்களை மேலே ஏற்றிவிட்டு நான் திரிகளைப் பற்றவைத்தேன். கயிற்றைப் பிடித்து ஏறி, வண்டிப்பாதைப் பக்கம் ஓடினேன். ஆடுமாடு வராமல் மறிக்க வேண்டும். பாக்கியசாமியும் மகனும் புங்கமரத்துக்குப் பின்னால் போனார்கள். லூர்துநாதன் வரப்புமேல் நின்றான். அவன் விரல் மடக்குவது எனக்குத் தூரத்திலிருந்து தெரிந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது வெடித்தபோது கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது.

மணி அடித்தால் வேதக்காரர்கள் எங்கே இருந்தாலும் நின்று செபம் சொல்வார்கள். ஏர் ஓட்டுகிறவன் மாட்டை நிறுத்துவான். லூர்துநாதன் தலைத்துண்டை அவிழ்த்தான், நெற்றியில் சிலுவை போட்டான், கண்ணை மூடினான். அவன் வாய் அசைந்தது. வெடி அதுபாட்டுக்கு வெடித்தது. மலை அதுபாட்டுக்குத் திருப்பி அடித்தது.

நான் திரும்பி வந்து கேட்டேன்.

"எத்தினி லூர்து?"

"ஏழுண்ணே."

"கண்டிசனா?"

"ஏழுன்றேன்ல."

புகை அடங்கட்டும் என்று கூழைக் குடித்தோம். மல்லாட்டைத் துவையலை நக்கிக்கொண்டே செபாஸ்தியான் முதலில் இறங்கினான். எப்போதும் அவன்தான் முதலில் இறங்குவான். சில்லுக் கல்லைக் கூடையில் வாரிப் போட்டான். பிறகு கடப்பாரையை எடுத்து ஓங்கி ஒரு குத்து.

ஏழாவது வெடி அப்போதுதான் வெடித்தது.

மேலே வந்த கல்லில் ஒன்று பாக்கியசாமியின் இடது புருவத்தைக் கிழித்துக்கொண்டு போனது. அவனுக்கு அது தெரியவில்லை. புகைக்குள்ளேயே இறங்கினான். நானும் பின்னால் இறங்கினேன். எழுதத்தான் வேண்டும் என்று எழுதுகிறேன். பையனுக்கு முகம் இல்லை. இடது கை முழங்கையோடு தனியாகக் கிடந்தது. கடப்பாரை பாறைப் பிளவில் செங்குத்தாக நின்றது. நானும் பாக்கியசாமியும் அவனைக் கல் கூடையில்தான் மேலே அனுப்பினோம். ஒரே தடவையில் அனுப்ப முடியவில்லை.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கினார்கள். ராயம்மாள் அழவில்லை. சாமியார் தீர்த்தம் தெளித்து முடித்ததும் கைப்பிடி மண் எடுத்தவள், அதைக் குழியில் போடவில்லை. சுற்றிப் பார்த்தாள். பின்னால் சுவரோரம் தம்பி நின்றிருந்தான்.

"அவன் இன்னும் உசுரோடதான் இருக்கானா?" என்று புருஷனைக் கேட்டாள். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. "நீயெல்லாம் ஒரு ஆம்பளையாய்யா?"

பாக்கியசாமி குழி வெட்டுகிறவன் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கினான். லூர்துநாதன் ஓடவில்லை. "ஏழு மாமா, நான் ஏழுதான் எண்ணினேன்" என்று சொல்லிக்கொண்டே நின்றான். முதல் அடி வலது முன்கையில் விழுந்தது. காய்ந்த விறகு முறிகிற மாதிரிக் கேட்டது. இரண்டாவது விலாவில். மூன்றாவது தலைக்கு ஓங்கியபோது நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். சாமியாரின் வெள்ளை அங்கியெல்லாம் ரத்தம் தெறித்தது. ராயம்மாள் அப்போதுதான் மண்ணைக் குழியில் போட்டாள்.

போலீசுக்கு ஒருத்தரும் போகவில்லை. மருந்து எங்கிருந்து வந்தது என்று முதல் கேள்வி வரும். அது என் கழுத்துக்கு வரும். ஊருக்கும் வரும். எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். நானும்தான்.

மூன்றாம் நாள் துக்கப் பூசை முடிந்து வந்த பாக்கியசாமி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக லூர்துநாதன் வீட்டுக்குப் போனான். பட்டப்பகல். அடுப்பிலிருந்து கொள்ளியை எடுத்துக் கூரையில் செருகினான். கம்பந்தட்டைக் கூரை, வெயிலில் காய்ந்து கிடந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் பிடித்துக்கொண்டது. உள்ளே கட்டியிருந்த கன்றுக்குட்டி கதறியது. ரோஸ்மேரி உள்ளே ஓடி, எரிகிற கயிற்றைக் கையாலேயே பிடித்து இழுத்து அறுத்தாள். கன்று பிழைத்தது. அவள் இரண்டு உள்ளங்கைத் தோலும் கயிற்றோடு போய்விட்டது. லூர்துநாதன் ஒடிந்த கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தெருவில் நின்று பார்த்தான். அது எனக்கு ஆத்திரமாக வந்தது. இவனும் ஒரு கொள்ளியை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதானே என்று நினைத்தேன். ஆம்பளை என்றால் அதுதானே.

அப்பனும் மகளும் கோயில் பின்கட்டில் ஒதுங்கினார்கள். ரோஸ்மேரிக்குச் சோற்றுக் கற்றாழை வெட்டிக்கொண்டு நான் போயிருந்த சமயம், ராயம்மாள் வந்தாள். கையில் ஒன்றுமில்லை. வாசலில் நின்றாள். வாழையிலையில் வைத்திருந்த அந்தப் பெண்ணின் கைகளையே பார்த்தாள். அவளுக்கு மருமகளாக வர வேண்டிய பெண்.

ரோஸ்மேரிதான் பேசினாள்.

"அத்தே, நீ சொல்லித்தான் மாமா வந்து கொளுத்துனாரா?"

நான் ராயம்மாள் முகத்தைப் பார்த்தேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். வீட்டைக் கொளுத்து என்று அவள் சொல்லவும் இல்லை.

"ஆமாம்மே. நான்தான். அன்னிக்கி குழி மேட்டுல நின்னுகினு நான்தான் மூட்டி வுட்டேன்."

"கல்யாணத்துக்கு எடுத்த பொடவகூட எரிஞ்சி பூடுச்சி அத்தே. அத்தக் கட்டிகினாவது அவருக்குத் துக்கம் காத்திருப்பேன்."

ராயம்மாள் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அழுதாள். அழுகையா அது. கழுத்தறுத்த ஆடு மாதிரி ஒரு சத்தம். தம்பி உள்ளேதான் படுத்திருந்தான். அவனைப் பார்க்கவில்லை. எழுந்து போய்விட்டாள். அதற்கப்புறம் சாயங்காலச் செபத்தில் எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது, தீங்கு செய்தவர்களைப் பொறுப்பதாகச் சொல்கிற இடம் வந்தால் அவள் மட்டும் வாயை மூடிக்கொள்கிறாள், அதைத் தாண்டியதும் சேர்ந்துகொள்கிறாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதில் எனக்கு அவள்மேல் மரியாதைதான் வந்தது. நெஞ்சில் இல்லாததை வாயால் சொல்லவில்லை.

தவசுகாலம் பிறந்த இரண்டாம் நாள் லூர்துநாதன் என்னைத் தேடி வந்தான். கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது.

"அண்ணே, என்னக் கெணத்துல எறக்கி வுடு."

"பைத்தியமா உனுக்கு? அவன் வெட்டிப் போடுவான்."

"வெட்டட்டும். பாதியில வுட்டா அது கெணறு இல்லண்ணே, பையன் குழி. தண்ணி வந்தாத்தான் கெணறு."

"ஒரு கையால இன்னாடா பண்ணுவே?"

"ஒரு கையால வாருவேன்."

கிணற்று மேட்டில் இரண்டு பனந்துண்டு நட்டு, குறுக்கே உருளை போட்டு, இரண்டு முனையிலும் கைப்பிடி வைத்த ராட்டினம் இருந்தது. இறக்க ஒரு ஆள் போதும். ஏற்ற இரண்டு பேர் வேண்டும். பக்கத்து நிலத்துக் கலியபெருமாளைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு அவனைக் கூடையில் இறக்கினேன். ஏன் செய்தேன் என்று கேட்டால், அந்தத் தமரைக் கெட்டித்தவன் நான். திரி ஏன் அணைந்தது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் பதில் இல்லை.

பாக்கியசாமி வந்தான். கையில் வெட்டுக்கத்தி. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு கத்தியைப் புங்கமரத்தில் கொத்தி வைத்துவிட்டு என்னிடம் சொன்னான்.

"இருக்கட்டும் ரங்கநாதா. அவனே வந்து எறங்கினானா? நல்லதாப் போச்சி. எம்புள்ள செத்த எடத்துலியே கெடக்கட்டும்."

கீழே கிடந்த கல்லை எடுத்து எறிந்தான். முஷ்டி அளவுக் கல். நாற்பதடி ஆழத்தில் அது பாறையில் பட்டுச் சிதறுகிற சத்தம் வந்தது. அடுத்தது. அடுத்தது. லூர்துநாதன் ஓரமாக ஒண்டுவான், கல் நின்றதும் வெளியே வந்து வாருவான். பாக்கியசாமி மறுபடி எறிவான். அன்று சாயங்காலம் அவனை மேலே ஏற்றியபோது காது மடல் கிழிந்து தொங்கியது. மறுநாளும் வந்தான். பாக்கியசாமியும் வந்தான், மடி நிறையக் கல்லோடு. மூன்றாம் நாள் அவனை மேலே ஏற்றி முடிக்கிற நேரம் ஒரு கல் கைப்பிடியில் பட்டுத் தெறித்துக் கலியபெருமாளின் பல்லை உடைத்தது. "உங்க வேதமும் வேணாம் உங்க கெணறும் வேணாம்" என்று அவன் ஓடிப்போனான்.

நாலாம் நாள் பாக்கியசாமி அம்மிக்கல் அளவுக்கு ஒரு கல்லை உருட்டிக்கொண்டு வந்தான். கிணற்று விளிம்பில் வைத்தான். அதைப் போட்டால் கீழே ஒண்டவும் இடம் கிடையாது.

"தே, வேணாம் பாக்கியசாமி. கொல கேசாயிடும்" என்றேன்.

"எம்புள்ளயக் கொன்னது இன்னா கேசு? சொல்லு. ஏழுன்னானே. இன்னிக்கும் ஏழுன்றானே. அப்ப எம்புள்ள எந்த வெடியில செத்தான்? எட்டாவது வெடியிலயா?"

அவன் கேட்டது நியாயம்.

அவன் குனிந்து கல்லுக்கு அடியில் கை கொடுத்தான். அப்போதுதான் ராயம்மாள் வரப்பில் வந்தாள். கூழ்ச் சட்டியைக் கீழே வைத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக வந்து கூடையில் உட்கார்ந்தாள்.

"எறக்குண்ணே."

"ராயம்மா…"

"எறக்குன்றேன்."

பாக்கியசாமி கல்லோடு நிமிர்ந்தான். "ஏமே, எழுந்துரு. யாருக்குப் பரிஞ்சிகினு வர? பெத்த வயிறுதான அது?"

"பரிஞ்சிகினு வரல. கேக்கறதுக்குப் போறேன். நீ போடறதுன்னா போடு. ரெண்டு பேருக்கும் அந்த ஒரு கல்லு போதும்."

நான் கம்பத்தில் ஒரு சுற்று சுற்றிக் கயிற்றை விட்டேன். கூடை பாதிக்குப் போனது. பாக்கியசாமி அம்மிக்கல்லைக் கீழே போட்டான், கிணற்றில் இல்லை, மேட்டில். ஆனால் ஆத்திரம் அடங்கவில்லை. கைக்குக் கிடைத்த கருங்கல் சில்லை எடுத்து உள்ளே வீசினான். அது தம்பிக்கு வீசியதா பொண்டாட்டிக்கு வீசியதா என்று அவனுக்கே தெரியாது. ராயம்மாளின் இடது காறையெலும்பில் பட்டது. அவள் "யேசுவே" என்று கத்தியது எனக்கே கேட்டது.

"மேல இழுக்கட்டுமா?" என்று கூவினேன்.

"எறக்கு!"

கீழே போய் அவள் முதலில் செய்தது, தம்பியை ஓங்கி அறைந்தது. அந்தச் சத்தம் மேலே வரைக்கும் வந்தது. பிறகு கேட்டாள்.

"எத்தினிடா எண்ணினே?"

"ஏழுக்கா."

"சரி. நாளைக்கி வரேன்."

அவ்வளவுதான். அப்புறம் ஒற்றைக் கையால் கல்லை வார ஆரம்பித்தாள். அவளுக்கு ஒரு கை, அவனுக்கு ஒரு கை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கூடை நிரப்ப அரை நாள் ஆனது.

மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும். மஞ்சளும் சுண்ணாம்பும் அரைத்துத் தோளில் பத்துப் போட்டிருந்தாள். வீக்கம் கழுத்து வரைக்கும் ஏறியிருந்தது. காலையில் தம்பியை இறக்குவாள், கூழைக் கொடுத்து அனுப்புவாள், பிறகு தானும் இறங்குவாள். கனமில்லாதவள், அவளை நான் ஒருத்தனே மேலே ஏற்றிவிடுவேன்; பிறகு கூடைக் கல்லை ஏற்ற என்னோடு ராட்டினம் சுற்றுவாள். தினமும் ஒரே ஒரு தடவை கேட்பாள். எத்தினிடா. ஏழுக்கா. சரி. பாக்கியசாமி புங்கமரத்தடியில் உட்கார்ந்து கல்லைக் குவித்தான். அவள் உள்ளே இருக்கும்போது எறியவில்லை. அவள் மேலே வந்தால் எறிந்தான்.

ஒருநாள் ராட்டினம் சுற்றும்போது நான் அவளிடம் சொன்னேன்.

"தெனம் அதையே கேட்டு இன்னா ஆவப்போவுது? மண்டையில ரெண்டு போட்டா சொல்லிடுவான்."

"போட்டாச்சேண்ணே. கைய ஒடைச்சாச்சி, ஊட்டக் கொளுத்தியாச்சி. சொன்னானா?"

"எல்லாத்துக்கும் உங்க கோயில் மணிதான் காரணம். வேலையில நின்னுகினு கண்ண மூடினா?"

"மணி மேல இன்னாண்ணே தப்பு? கண்ண மூடினான், சரி. கண்ணத் தெறந்ததும் தெரியலன்னு சொல்லியிருந்தா அன்னிக்கி யாரு எறங்கியிருப்பா? தெரியாதத தெரியும்னான். அதான்."

"அப்ப இன்னாத்துக்கு அவனுக்குக் கூழ் ஊத்தற?"

அவள் கைப்பிடியைப் பிடித்தபடி மூச்சு வாங்கினாள்.

"எனக்கா அவன் மேல எரக்கம்? காலையில எழுந்தா அவன் கழுத்த நெரிக்கலாமான்னுதாண்ணே மொதல்ல வருது. ஆண்டவர் கிட்ட நான் ஒண்ணுதான் கேக்கறன். இன்னிக்கி ஒருநாளு என் வாயையும் கையையும் புடிச்சிக்கோ, நாளைக்கி நாளைக்கிப் பாத்துக்கலாம்னு. ஒருநாளு ஒருநாளாத்தான் தள்ளிகினு போறேன். அவசரப்பட்டு அன்னிக்கி ஒரு வார்த்த பேசினேன், அந்தப் பொண்ணு கைய நீ பாத்தே இல்ல?"

"கேட்டுத்தான் குடுக்கறாரா உன் ஆண்டவர்?"

"மொத நாளு குடுக்கல. அறைஞ்சிட்டேனே" என்றாள். அதில் சிரிப்பு இருந்ததோ இல்லையோ.

எனக்கு அது பிடிபடவில்லை. பொம்பளை பாசத்துக்கு வேதத்தைப் பூசுகிறாள் என்றுதான் பட்டது.

பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, கீழே இருந்தாள். கேட்டாள். பதில் வரவில்லை. நான் நல்ல காதைக் கிணற்றுப் பக்கம் சாய்த்தேன்.

"தெரியலக்கா" என்றான். பிறகு ஒரே மூச்சாகக் கொட்டினான். "நாலு வரைக்கும் தெரியும். அப்பத்தான் மணி அடிச்சிச்சி. பரலோகத்துல இருக்கறவரப் பாத்து நின்னுட்டேன். வெடிச்சிச்சி, மலையிலயும் கேட்டுச்சி, எது எதுன்னு தெரியல. ரங்கநாதண்ணன் கேட்டப்ப கூச்சமாப் பூடுச்சிக்கா. எண்றதுக்குன்னு நிக்க வச்சாங்க, அதக்கூடச் செய்யலன்னு எப்படிச் சொல்றது? ஏழுன்னுட்டேன். மறுநாள்லருந்து ஏழுன்னு சொல்லிச் சொல்லி…"

ராயம்மாள் அவனை அடித்தாள். ஒரு கையால், முஷ்டியை மடக்கி, மார்பிலும் முகத்திலும் அடித்தாள். அவன் உடைந்த கையையும் சேர்த்து அடித்தாள். அவன் அலறினான். அடித்து ஓய்ந்து அவன்மேலேயே சாய்ந்து கிடந்தாள். எவ்வளவு நேரமோ. பாக்கியசாமி மரத்தடியிலிருந்து "இன்னாவாம்?" என்று கேட்டான். எனக்குக் கேட்காத மாதிரி நின்றேன்.

கடைசியில் அவள் சொன்னாள்: "இத்த என்னாண்ட சொன்னாப் பத்தாது. அவராண்ட சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

"கொன்னுடுவாருக்கா."

"கொல்லலாம். எனக்குத் தெரியாது. நான் பக்கத்துல நிக்கறேன், அவ்ளோதான்."

அதற்கும் அவன் நாள் கடத்தினான். அவளும் விரட்டவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. குருத்தோலை ஞாயிறு முடிந்த திங்கட்கிழமை சாயங்காலம், வெயில் மலைக்குப் பின்னால் இறங்குகிற நேரம், அவனைக் கூடையில் வைத்து ஏற்றிக்கொண்டிருந்தோம். ஒரு கைப்பிடியில் நான், இன்னொன்றில் ராயம்மாள். முப்பதடி வந்திருக்கும். அவள் காறையெலும்பு சரியாகக் கூடவே இல்லை. திடீரென்று கை வழுக்கிவிட்டது. சுற்றி வந்த கைப்பிடி அவள் தாடையில் அடித்தது. விழுந்தாள். வாயெல்லாம் ரத்தம். முழுப் பாரமும் என்மேல் வந்தது. எனக்கு அப்போதே ஐம்பது வயசு. காலைப் பனந்துண்டில் உதைத்துக்கொண்டு கத்தினேன்.

"பாக்கியசாமி! புடிடா!"

அவன் எழுந்து வந்தான். அவசரமில்லாமல் வந்தான். அவள் விட்ட கைப்பிடியைப் பிடித்தான். பாரம் அவன் பக்கம் போனது.

"நீ வுடு" என்றான்.

"பாக்கியசாமி…"

"வுடுன்றேன்."

விட்டுவிட்டேன். பயந்தேனா, இல்லை இது எப்படியாவது முடிந்து தொலையட்டும் என்று நினைத்தேனா, இன்றைக்கும் தெரியாது. லூர்துநாதன் உயிர் மொத்தமும் இப்போது அவன் இரண்டு கையில். கீழே அந்தப் பாறை.

ராட்டினம் நின்றது. பாக்கியசாமி எட்டிப் பார்த்தான். கூடையிலிருந்து லூர்துநாதன் மேலே பார்த்தான்.

"எத்தினிடா?"

ராயம்மாள் தரையில் கையூன்றி எழுந்து உட்கார்ந்தாள். புருஷன் காலைப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவில்லை. வாயிலிருந்து ரத்தம் ஒழுக அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியல மாமா." குரல் கிணற்றுச் சுவரில் பட்டு வந்தது. "நாலு வரைக்கும்தான் எண்ணினேன். மிச்சம் தெரியாது. பொய் சொல்லிட்டேன். செபாஸ்தியான நான்தான் அனுப்பிட்டேன்."

பாக்கியசாமியின் முன்கை நரம்பெல்லாம் புடைத்தது. உருளை ஒரு சாண் பின்னால் ஓடியது. கூடை தடால் என்று இறங்கி நின்றது. லூர்துநாதன் கத்தவில்லை. கண்ணை மூடினான். பாக்கியசாமி பல்லைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது, அல்லது கைப்பிடி முனகியதோ என்னவோ. புருவத்தில் ஆறின தழும்பு வழியாக வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கை இல்லை.

பிறகு சுற்றினான். தனியாளாகச் சுற்றினான். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கெட்ட வார்த்தை. அவன் அம்மாளை, அக்காளை, வெடியை, மழையை, கோயிலை, ஒன்றையும் விடவில்லை. கூடை மேட்டுக்கு வந்தது. லூர்துநாதன் கால் தரையில் பட்டதும் அவன் கழுத்தைப் பிடித்து இழுத்து மேட்டில் தள்ளினான். வயிற்றில் ஓர் உதை விட்டான். இன்னொன்றுக்குக் காலைத் தூக்கியவன் தூக்கினபடியே நின்றான். பிறகு மேட்டில் உட்கார்ந்து, "எம்புள்ள, எம்புள்ள" என்று தலையில் அடித்துக்கொண்டான். மகன் செத்ததிலிருந்து அவன் அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ராயம்மாள் இரண்டு பேர் நடுவிலும் போய் உட்கார்ந்தாள். யாரையும் தொடவில்லை.

மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டு பாக்கியசாமி சொன்னான்: "நாளைக்கி வரச் சொல்லு அவன. தெக்கு மூலையில தண்ணி கசியுது. நான் மேலருந்து பாத்துகினுதான் இருக்கேன்."

மன்னித்தேன் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. சாமியார் சொன்ன அந்த வார்த்தை அங்கே யார் வாயிலும் வரவில்லை.

நான் உளிகளைச் சாக்கில் போட்டுக் கட்டினேன். இனிமேல் மருந்துக்கு வேலை இல்லை. ராயம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"கூழ் குடிச்சிட்டுப் போண்ணே."

"வேணாம். ஒண்ணு சொல்லிட்டுப் போறேன் ராயம்மா. இன்னிக்கி உம்புருசன் கைய வுடல. நாளைக்கி அதே கைப்புடிய அவன் கையில குடுத்துட்டு நீ நம்பி நிப்பியா? மனுசன் ஆத்திரம் எங்கியும் போவாது. கொஞ்ச நேரம் படுத்துக்கும், அவ்ளோதான்."

"நாளைக்கி நிப்பேனான்னு எனக்கும் தெரியாதுண்ணே. நாளைக்கிக் காலையில கேட்டுப் பாக்கறேன்."

"யாரக் கேப்ப?"

அவள் கூழ்ச் சட்டியை எடுத்துத் தம்பி முன்னால் ஒரு குவளை, புருஷன் முன்னால் ஒரு குவளை வைத்தாள். இரண்டு பேரும் எடுக்கவில்லை. எடுக்கும் வரைக்கும் அப்படியே நிற்கப் போகிறவள் மாதிரி நின்றாள்.

அதற்குமேல் அங்கே எனக்கு என்ன இருக்கிறது. சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் இறங்கினேன். புங்கமரத்தடியில் அன்றைக்குப் பாக்கியசாமி குவித்த கல் அப்படியே கிடந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை. பார்த்துக்கொண்டேதான் போனேன். அனந்தபுரம் ரோட்டில் ஏறி நடந்தேன். அவன் ஆத்திரம் போய்விட்டது என்று நான் நம்பவில்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.